தலைசுற்றலும் கால்வலியும்: காரணம் இல்லாமலா?

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது ஆன்றோர் மொழி. பள்ளிச் சுவர்களில் எழுதியும் பேச்சுப் போட்டிகளில் முழங்கியும் நமக்கு நன்கு பழகிப்போன மொழி. ஆனால், காலை வழிபாட்டில் ஒரு மாணவி தலைசுற்றிக் கீழே விழும்போது, அந்தச் செல்வம் எங்கே குறைந்தது என்று தேடிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? "வெயில் தாங்கவில்லை", "கண்பட்டிருக்கும்", "வயசுப் பெண் என்றால் அப்படித்தான்", "பரீட்சை வருகிறதல்லவா, அதுதான்" என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறோம். மாலையில் அதே மாணவி, "கால் உளைகிறது" என்று மாடிப்படியில் உட்கார்ந்தால், "சோம்பல்" என்று இன்னொரு பெயரும் சூட்டிவிடுகிறோம்.

இவ்வாறு பெயர் சூட்டியவர்களுள் நானும் ஒருத்தி. அந்தத் தவற்றைச் சொல்லிவிட்டே இக்கட்டுரையைத் தொடங்குவதுதான் முறை.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி

பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், வேறொரு பள்ளியில் நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். என் வகுப்பில் ஒரு மாணவி. அமைதியானவள், படிப்பில் நடுத்தரம். ஆடி மாதத்துக் காலையொன்றில் வழிபாட்டு வரிசையில் நின்றவள் சரிந்து விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். பதினைந்து நாளில் மறுபடியும் விழுந்தாள். மூன்றாம் முறை விழுந்தபோது எனக்கு ஐயம் வந்துவிட்டது. எங்கள் வகுப்பறை இரண்டாம் மாடியில் இருந்தது. அவள் ஒவ்வொரு படிக்கட்டு வளைவிலும் நின்று நின்று, கடைசி ஆளாக வருவாள். கேட்டால், "கால் வலிக்குது டீச்சர்" என்பாள். உடற்பயிற்சி வேளையிலும் அதே பதில். "வழிபாட்டில் நிற்காமல் தப்பிக்க ஒரு மயக்கம், விளையாடாமல் தப்பிக்க ஒரு கால்வலி, நன்றாக நடிக்கிறாய்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் அம்மா கூலி வேலைக்குச் செல்பவர். இரண்டு இடங்களில் தண்ணீர் மந்திரித்துக் கொடுத்தார். கையில் கறுப்புக் கயிறும் கட்டிவிட்டார். ஒருநாள் அந்தப் பெண் பாடவேளையில் எதையோ மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். பையைச் சோதித்தால் உடைந்த பல்பத் துண்டுகள்! பதினான்கு வயதுப் பெண் சிறுபிள்ளை போலப் பல்பம் தின்பதா என்று அதற்கும் தண்டனை கொடுத்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் பள்ளியில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. வந்திருந்த பெண் மருத்துவர் அவளுடைய கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். நகங்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் மூன்று கேள்விகள் கேட்டார். "காலையில் என்ன சாப்பிட்டாய்? மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கும்? சாப்பாடு அல்லாத பொருள் ஏதாவது தின்ன ஆசை வருகிறதா?" பதில்கள் தயங்கித் தயங்கி வந்தன. காலையில் ஒரு டம்ளர் டீ மட்டும். மாதவிலக்கு ஒன்பது நாள். பல்பமும், சில வேளை பச்சரிசியும்.

இரத்தப் பரிசோதனை முடிவு இரண்டு நாளில் வந்தது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் குறைந்தது 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவளிடம் 7.6 கிராமே இருந்தது. மருத்துவர் அதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நான் நடிக்கல டீச்சர்."

அந்த மூன்று கேள்விகளில் ஒன்றையாவது நான் கேட்டிருக்கலாம். உயிரியல் பாடத்தில் இரத்தசோகையை ஆண்டுதோறும் நடத்தியவள் நான். கரும்பலகையில் எழுதியதைக் கண்ணெதிரே நின்ற குழந்தையிடம் காணத் தவறிவிட்டேன். ஆகவே, "காரணம் தெரியாத" தலைசுற்றலுக்கும் கால்வலிக்கும் பெரும்பாலும் என்னென்ன காரணங்கள் இருக்கின்றன என்பதை இங்கே வரிசையாகக் காண்போம்.

தலைசுற்றல் வேறு, மயக்கம் வேறு

"தலைசுற்றுகிறது" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் குறைந்தது இரண்டு வகை உண்டு. முதல் வகையில் அறையே சுழல்வது போலிருக்கும், படுக்கையில் புரண்டாலும் தலையைத் திருப்பினாலும் கூடும், குமட்டலும் வரும். இதற்குக் காரணம் பெரும்பாலும் உட்செவியில் இருக்கிறது. நம் உடல் சமநிலையைக் காக்கும் உறுப்பு அங்கேதான் உள்ளது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இப்படிச் சுழல்வதுண்டு.

இரண்டாம் வகையில் எதுவும் சுழலாது. கண் இருட்டும், காதில் இரைச்சல் கேட்கும், வியர்க்கும், கால் தளரும். மூளைக்குச் செல்லும் இரத்தமோ, அந்த இரத்தம் சுமந்து செல்லும் ஆக்சிஜனோ குறைவதால் வருவது இது. பள்ளியில் நாம் காண்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. மருத்துவரிடம் போகும்போது "சுழல்கிறதா, இருட்டுகிறதா" என்று பிரித்துச் சொன்னாலே அவருடைய வேலையில் பாதி முடிந்துவிடும்.

நின்றபடியே விழுவது ஏன்?

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் புவியீர்ப்பினால் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசைகளின் வேலை. நடக்கும்போது இத்தசைகள் சுருங்கிச் சுருங்கி, இரண்டாவது இதயம் போல இயங்குகின்றன. அசையாமல் நின்றால் அந்த இயக்கம் ஓய்ந்துவிடுகிறது. வெயிலில் இரத்தக் குழாய்கள் வேறு விரிந்து கொடுக்கின்றன. அதனால் மூளைக்கு ஏறும் இரத்தம் குறைந்து ஆள் விழுகிறார். உடல் கிடையானதும் இரத்தம் மீண்டும் தலைக்குச் செல்ல, ஓரிரு நிமிடங்களில் நினைவு திரும்பிவிடுகிறது.

வெறும் வயிறும் உடலில் நீர் குறைவும் இதை எளிதாக்குகின்றன. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலை உணவை விடுபவர்கள் நம்மிடையே பலர். முந்தைய இரவு எட்டு மணிக்கு உண்டவள் மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்குத்தான் உண்கிறாள் என்றால், இடையில் பதினாறு மணி நேரத்துக்கும் மேலாகிறது! பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை நம் மாநிலம் நெடுநாளாக அறியும். காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவும், 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவும் அதற்குச் சான்று. உயர்வகுப்பு மாணவியருக்கு அந்தக் காலை உணவு வீட்டிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழோ போதும். அதற்கும் நேரமில்லையென்றால் ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையுமாவது உண்ணலாம்.

காலைத் திருப்பலிக்கு இரவு முதல் எதுவும் உண்ணாமல் வரவேண்டும் என்று எண்ணும் பாட்டிமார் இன்றும் உண்டு. 1964 முதல் நற்கருணை நோன்பு ஒரு மணி நேரமே. தண்ணீர் அருந்துவது நோன்பை முறிக்காது. நோயுற்றோருக்கும் முதியோருக்கும் இந்த ஒரு மணி நேரக் கட்டாயமும் இல்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு செய்தியை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூசி, காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காத மாணவியர் இருக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் இது இன்னும் மிகுதி. இதனால் மயக்கமும் வரும். சிறுநீர்த் தொற்றும் வரும். தூய்மையான கழிப்பறை ஒரு மருந்துக் கடைக்குச் சமம் என்பதைப் பெரியவர்களாகிய நாம் மறக்கலாகாது.

தோழி ஒருத்தி மயங்கி விழுந்தால் செய்ய வேண்டியவை மிக எளியவை. மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை ஒரு முழம் உயர்த்துங்கள். கழுத்துப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் தளர்த்துங்கள். சுற்றிக் கூட்டம் கூடாமல் காற்று வர விடுங்கள். நினைவு திரும்பும் முன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கையில் இரும்புச் சாவி திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. விழித்தவுடன் எழுப்பி நிற்க வைக்காமல், பத்து நிமிடம் படுத்திருக்கச் செய்து, பிறகு உட்கார வைத்து, அதன்பின் எழுப்புங்கள். நிற்கும்போதே கண் இருட்டுவதாக உணர்பவள் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிட வேண்டும். இயலாவிட்டால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடைத் தசைகளை இறுக்கினால் இரத்தம் மேலேறும்.

இரும்பு குறைந்த இரத்தம்

ஒருமுறை விழுந்தவளுக்கு வெயிலும் பசியும் காரணமாக இருக்கலாம். மீண்டும் மீண்டும் தலைசுற்றி, அதோடு கால்வலியும் களைப்பும் சேர்ந்திருந்தால் முதலில் நினைக்க வேண்டியது இரத்தசோகை.

நம் இரத்தத்தின் சிவப்பு அணுக்களில் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் இறக்கிவிடும் வண்டி அதுவே. அந்த வண்டியைச் செய்ய இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் வண்டிகள் குறையும், மூளை ஆக்சிஜனுக்கு ஏங்கும், தலை சுற்றும். படியேறும் கால் தசைகள் ஏங்கும். கால் கனக்கும், வலிக்கும். இதயம் இருக்கும் வண்டிகளையே விரைந்து ஓட்டப் பார்க்கும்; நெஞ்சு படபடக்கும். தலையிலும் காலிலும் தோன்றும் இரண்டு துன்பங்களுக்கு வேர் ஒன்றே என்பதை இப்போது அறிந்திருப்பீர்கள்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு தரும் கணக்கு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை! அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 31 பேர். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர். அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி எங்கோ ஒருத்தி அல்லள். ஒவ்வொரு பெஞ்சிலும் அவள் இருக்கிறாள் என்றே இக்கணக்கு சொல்கிறது.

பெண்களுக்கு ஏன் மிகுதி? வளரும் வயதில் உடலுக்கு அதிக இரும்பு தேவை. மாதவிலக்கில் இரத்தம் வெளியேறுகிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தோடு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதத்துக்கு 40 மில்லிலிட்டர் என்றால் 20 மில்லிகிராம். 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அது அளவுக்கு மீறிய போக்கு. யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆனால் அடையாளங்கள் உண்டு. ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துணி அல்லது பஞ்சு மாற்ற நேர்வது, பெரிய கட்டிகளாகப் போவது ஆகியவை இருந்தால், "பெண் பிறப்பு அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மருத்துவரிடம் சொன்னால் தீர்வு உண்டு.

இன்னொரு திருடனும் இருக்கிறான். அவன் பெயர் கொக்கிப்புழு. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே நுழைந்து, குடலில் பற்களால் கவ்விக்கொண்டு, நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சுகிறான். காலணி அணிவதும் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் இவனுக்குப் பூட்டு. பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று தரும் அல்பென்டசோல் மாத்திரை இவனுக்காகத்தான். அதை வாங்கி ஜன்னலுக்கு வெளியே எறிபவர்களை நான் அறிவேன். எறிவது மாத்திரையை அல்ல, தன் இரத்தத்தை!

இரத்தசோகையின் அடையாளங்கள்: கீழ் இமையின் உட்புறமும் நாக்கும் நகமும் வெளுத்திருத்தல், எளிதில் மூச்சு வாங்குதல், முடி உதிர்தல், படிப்பில் கவனம் நில்லாமை, நகம் கரண்டி போலக் குழிந்து போதல். பல்பம், சாம்பல், மண், பச்சரிசி, ஐஸ்கட்டி ஆகியவற்றைத் தின்னும் அடங்காத ஆசையும் இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அது கெட்ட பழக்கம் அன்று. உடல் அனுப்பும் கடிதம். இரும்பு ஏறியதும் அந்த ஆசை பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும்.

காரணம் தேடிய ஒரு பெண் மருத்துவர்

இங்கே ஒரு பெண்மணியை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். லூசி வில்ஸ் என்பது அவர் பெயர். 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1928இல் அவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தசோகையால் துன்புற்றனர். காரணம் தெரியவில்லை. ஏதோ கிருமியாக இருக்கலாம் என்று தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அப்பெண்கள் வாழும் நிலையையும் உண்ணும் உணவையும் ஆராய்ந்தார். 1929இல் நம் நீலகிரியிலுள்ள குன்னூரிலும் தங்கி ஆய்வு செய்தார். கடைசியில், ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான உணவுப் பொருளைக் கொடுத்ததும் நோயாளிகள் தேறியதைக் கண்டு, 1931இல் உலகுக்கு அறிவித்தார். ஈஸ்ட்டில் மறைந்திருந்த அந்தச் சத்து பின்னாளில் கீரையிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டு, "இலை" என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் நீலநிற மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது இந்த ஃபோலிக் அமிலமே. "ஏழைகள் அப்படித்தான் இருப்பார்கள்" என்று லூசி வில்ஸ் விட்டுவிடவில்லை. ஏன் என்று கேட்டார், விடை கிடைத்தது.

கால்வலிக்கு வேறு காரணங்கள்

இரவில் படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போலவும், காலை அசைத்தால்தான் ஆறும் போலவும் சிலருக்கு இருக்கும். தூக்கம் கெடும். இதற்கும் இரும்புக் குறைவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

எலும்பு வலிக்கு வைட்டமின் 'டி' குறைவு ஒரு காரணம். வெயில் கொளுத்தும் நாட்டில் வெயில் தரும் சத்து குறையுமா என்று நீங்கள் கேட்கலாம். காலையில் பேருந்து, பகலில் வகுப்பறை, மாலையில் தனிப்பயிற்சி என்று நிழலிலேயே வாழ்ந்தால் குறையத்தான் செய்யும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் வேளையில் படும் வெயிலே இச்சத்தை நன்கு உண்டாக்கும். மதிய இடைவேளையில் சிறிது நேரம் மைதானத்தில் நடந்தால் நன்று. முழங்கால் முன்னெலும்பில் வலி, தரையிலிருந்து கையூன்றி எழ வேண்டிய நிலை ஆகியவை இக்குறைவைக் காட்டலாம். எலும்புக்கு வேண்டிய கால்சியம் பாலிலும் தயிரிலும் கேழ்வரகிலும் எள்ளிலும் நிறைய உண்டு.

கால் மரத்துப்போதல், பாதம் எரிதல், நடையில் தள்ளாட்டம் இருந்தால் வைட்டமின் பி12 குறைவை நினைக்க வேண்டும். இது பாலிலும் முட்டையிலும் மீனிலும் இறைச்சியிலும் உள்ளது, காய்கறிகளில் இல்லை. பாலும் வேண்டாம் முட்டையும் வேண்டாம் என்று ஒதுக்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இதன் சிக்கலான அமைப்பைக் கண்டறிந்தவரும் ஒரு பெண் அறிஞரே. டோரதி ஹாட்ஜ்கின் என்ற அவர் 1964இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

சிறு வகுப்புப் பிள்ளைகள் இரவில் இரு கால்களும் வலிக்கிறதென்று அழுவார்கள். காலையில் துள்ளி ஓடுவார்கள். வீக்கமோ நொண்டலோ காய்ச்சலோ இராது. "வளர்ச்சி வலி" எனப்படும் இது தீங்கற்றது. வெந்நீர் ஒற்றடமும் அம்மாவின் கையால் தடவுதலும் போதும். எறிபந்தும் கோ-கோவும் ஆடும் மாணவியருக்கு முழங்கால் சிப்பிக்குக் கீழே புடைத்து வலிப்பதுண்டு. சில வாரம் ஓட்டத்தைக் குறைத்தால் சீராகும். புத்தகப் பையின் எடையையும் நிறுத்துப் பாருங்கள். 2020இல் வெளிவந்த பள்ளிப் பைக் கொள்கையின்படி அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 40 கிலோ எடையுள்ளவளுக்கு 4 கிலோ.

மனத்தையும் விட்டுவிடக் கூடாது. தேர்வு அச்சத்தில் மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டால் தலை சுற்றும், கை கால் மதமதக்கும். இதுவும் உண்மையான துன்பமே, நடிப்பு அன்று. ஆயினும் உடலைச் சோதித்துப் பாராமல் "எல்லாம் மனசுதான்" என்று முடிவு கட்டுவது தவறு.

எதை உண்ணலாம்?

13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்பு தேவை என்கின்றனர் நம் நாட்டு உணவியல் அறிஞர்கள். தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பங்கையே குடல் ஏற்கும். அந்தப் பங்கைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் கையில் இருக்கிறது. உணவோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற புளிப்புச் சத்துள்ள பொருள் ஒன்றைச் சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். உணவோடு டீயோ காப்பியோ குடித்தால் ஏறாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காலையில் டீ மட்டும் குடித்து வந்த அந்த மாணவி, உணவையும் இழந்தாள், இரும்பையும் இழந்தாள்.

முருங்கைக்கீரைப் பொரியல், பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், கம்பு, எள்ளுருண்டை, வேர்க்கடலை ஆகியவை விலை மலிந்தவை. அசைவம் உண்பவருக்கு மீனும் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் சிறந்தவை. இவற்றின் இரும்பு எளிதில் ஏறும். சிவப்பாக இருப்பதாலேயே பீட்ரூட் இரத்தத்தைப் பெருக்கிவிடாது. பேரீச்சம்பழம் நல்லதே, ஆனால் நாளுக்கு இரண்டு பழம் கடுமையான சோகையைத் தீர்க்காது. 7 அல்லது 8 கிராமுக்கு இறங்கிய பின் மாத்திரை இன்றியமையாதது. மாத்திரையால் மலம் கறுக்கும். அதற்கு அஞ்ச வேண்டாம். வயிறு குமட்டினால் உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். ஹீமோகுளோபின் சீரான பின்னும், உடலின் சேமிப்பு நிறைய இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். "தெம்பு வந்துவிட்டது" என்று பாதியில் நிறுத்துவதே நாம் செய்யும் பெரிய பிழை.

தாமதிக்கக் கூடாத அடையாளங்கள்

பெரும்பாலான காரணங்கள் எளியவையே. எனினும் கீழ்க்கண்டவை இருந்தால் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுதல். மயக்கத்தோடு நெஞ்சுவலி அல்லது படபடப்பு. குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருத்தல். இவை இதயத்தைச் சோதிக்கச் சொல்லும் அடையாளங்கள்.

கை கால் வெட்டி இழுத்தல், நாக்கைக் கடித்தல், நெடுநேரம் நினைவு தெளியாமை.

தொண்டைவலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, மூட்டுகள் வீங்கி, ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்கு வலி மாறுதல். இது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். கவனியாவிட்டால் இதய வால்வைக் கெடுக்கும்.

ஒரு காலில் மட்டும் வலி, வீக்கம், நொண்டல். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலி. அதோடு காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்தல்.

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு. இவை நீரிழிவின் அடையாளங்கள், சிறுமியருக்கும் வரும்.

கடும் காய்ச்சலோடு உடல்வலியும் தலைசுற்றலும் இருந்தால் டெங்குவாக இருக்கக்கூடும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை நாமாகக் கொடுக்கக் கூடாது.

பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும்

இக்கட்டுரை பிள்ளைகளுக்கு மட்டும் அன்று. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை உண்ணும் அம்மாக்களே, உங்கள் கால் உளைச்சலுக்கும் இதே இரத்தசோகை காரணமாக இருக்கலாம். மகளைச் சோதிக்க அழைத்துச் செல்லும் நாளில் உங்கள் இரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டுக் குறைவும் களைப்பும் தசைவலியும் தரும்.

வயதில் மூத்த அருட்சகோதரியரும் தாத்தா பாட்டிமாரும் படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றினால், இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவரிடம் சரிபார்க்க வேண்டும். எழுந்தவுடன் நடக்காமல், கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் அமர்ந்து பின் நிற்பது நல்ல பழக்கம். சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சலையும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவரின் தசைவலியையும் "வயதாகிவிட்டது" என்று தள்ளிவிடாதீர்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முடிவாக

அந்த மாணவிக்கு மாத்திரை கொடுத்தார்கள். புழு நீக்க மருந்து கொடுத்தார்கள். மிகுதியான போக்குக்கும் மருத்துவம் செய்தார்கள். ஒரு மாதத்தில் பல்ப ஆசை நின்றது. மறு ஆண்டு பத்தாம் வகுப்பு அதே இரண்டாம் மாடியில்தான் இருந்தது. அவள் மற்றவர்களோடு பேசிக்கொண்டே ஏறிப் போவதைக் கீழே நின்று பார்த்தேன். எல்லோர் முன்னிலையிலும் சொன்ன சொல்லை எல்லோர் முன்னிலையிலும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆனாலும் "நான் நடிக்கல டீச்சர்" என்ற குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அன்பு மாணவியரே! உடல் பொய் சொல்லாது. தலை சுற்றினால் சொல்லுங்கள். கால் வலித்தால் சொல்லுங்கள். மாதவிலக்கைப் பற்றி அம்மாவிடமோ, ஆசிரியையிடமோ, சிஸ்டரிடமோ கூசாமல் சொல்லுங்கள். ஒருவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். பெரியவர்களே! பிள்ளை விழுந்தால் பெயர் சூட்டும் முன் அந்த மூன்று கேள்விகளைக் கேட்போம். இன்று காலை என்ன உண்டாய் என்ற முதல் கேள்விக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. அன்பு இருந்தால் போதும்.

— உயிரியல் ஆசிரியை